வீட்டில் யோசித்த துணிச்சல்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் தேனி பஸ்கள் வளைந்து வெளியே வரும் இடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது. வங்கி முடிந்து நானும் கவிதை எழுதும் நண்பர் ஒருவரும் வாரத்தில் இரண்டு நாளாவது அங்கே நிற்பது வழக்கம். சில மாதங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், எதற்காகவோ நான் செஸ் பற்றிப் பேச்செடுத்தபோது அவர் குறுக்கிட்டார்.

"நீங்க பெருசாச் சொல்றீங்க. அவங்க மொத இருபது மூவையும் வீட்டிலேயே படிச்சிட்டுத்தான் வர்றாங்களாமே? அப்புறம் அதுல துணிச்சல் எங்க இருக்கு? ஒப்பிக்கிறதுக்குப் பேரு துணிச்சலா?"

கேள்வி செஸ் பற்றியதல்ல என்பது எனக்குத் தெரியும். கவிதை பற்றி நண்பருக்கு ஒரு கொள்கை உண்டு. முதல் வீச்சில் வந்து விழுவதுதான் வரி. திருத்திய வரி, பிணத்துக்குப் பவுடர் போட்ட மாதிரி. இந்தக் கொள்கையின் துணையோடு அவர் சில நல்ல கவிதைகளையும், திருத்தியிருந்தால் நல்ல கவிதைகளாகியிருக்கக்கூடிய பலவற்றையும் எழுதியிருக்கிறார். (இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். ஆகவே இங்கே எழுதுவதில் அவருக்கு ஆட்சேபம் இராது.) அன்று எனக்குப் பதில் வரவில்லை. எனக்குப் பதில் எப்போதும் தாமதமாகத்தான் வரும். இது அந்தப் பதில். அல்லது அதற்கான ஒரு யத்தனம்.

2008 அக்டோபரில் நான் பி.ஏ. ஆங்கிலம் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனியில் பான் நகரத்தில் விஸ்வநாதன் ஆனந்தும் ரஷ்யாவின் விளாதிமிர் கிராம்னிக்கும் உலகப் பட்டத்துக்காக மோதினார்கள். அங்கே பிற்பகல் 3 மணி என்றால் நமக்கு 6.30. கல்லூரியிலிருந்து திரும்பி, முகம் கழுவிக்கொண்டு, வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த பிரௌசிங் சென்டருக்குப் போய்விடுவேன். மூன்று பக்கம் பலகை அடைத்த சின்னச் சின்னக் கூண்டுகள். பக்கத்துக் கூண்டுகளில் மற்ற பையன்கள் வேறு எதையெதையோ பார்த்துக்கொண்டிருக்க, நான் 64 கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு காய் நகர அரை மணி நேரம்கூட ஆகும். கடைக்காரருக்கு என்மேல் இரக்கம் கலந்த ஒரு மரியாதை இருந்தது.

17ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, 3ஆவது ஆட்டம். கிராம்னிக்குக்கு வெள்ளை. வெள்ளைக் காய்களோடு ராணிக்கு முன்னுள்ள சிப்பாயைத் தள்ளி ஆரம்பித்தால் அவரை அசைப்பது கஷ்டம் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்த காலம். ஆனந்த் எடுத்த வழிக்கு மெரான் என்று பெயர். மெரான் இத்தாலியில் ஓர் ஊர். 1924இல் அங்கே நடந்த போட்டியில் அகிபா ரூபின்ஸ்டைன் கறுப்புக் காய்களோடு க்ரூன்ஃபெல்டை இந்த வழியில் வென்றார். ஊரின் பெயர் ஆட்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. ரூபின்ஸ்டைன் பிற்காலத்தில் மனிதர்களைக் கண்டாலே அஞ்சுகிறவராகி, 1930களில் ஆட்டத்தைவிட்டே ஒதுங்கி, 1961 வரை வாழ்ந்தார். இவ்வளவு ரத்தக்களரியான ஒரு வழி அப்படிப்பட்ட ஒரு மனிதரிடமிருந்து புறப்பட்டது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

அந்த வழியை, குறியீடுகளைத் தவிர்த்து, கூடியவரை வார்த்தைகளில் சொல்லிப் பார்க்கிறேன். கறுப்பு முதலில் நடுவில் ஒரு சின்னச் சுவர் கட்டுகிறது. பார்ப்பதற்கு மகா சாதுவான ஆட்டம். பிறகு, தான் கட்டிய சுவரைத் தானே உடைத்து, வெள்ளையின் ஒரு சிப்பாயை வெட்டி, இடது பக்கத்துச் சிப்பாய்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுகிறது. 10ஆவது நகர்த்தலில் வெள்ளைச் சிப்பாய் ஒன்று முன்னேறிக் கறுப்புக் குதிரையை மிரட்டுகிறது. குதிரையை எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். கறுப்பு அதைச் செய்வதில்லை. வேறோர் இடத்தில் ஒரு சிப்பாயை வெட்டி வெள்ளைக் குதிரையை மிரட்டுகிறது. வெள்ளையாவது தன் குதிரையைக் காப்பாற்றுகிறதா என்றால் அதுவும் இல்லை. அந்தக் குதிரை ஒரு சிப்பாயை வெட்டிவிட்டுச் சாகிறது. அடுத்து கறுப்புக் குதிரையும் போகிறது. 13 நகர்த்தல் முடிந்து புகை அடங்கியதும் பார்த்தால், வெள்ளை ராஜா கோட்டைக்குள் பத்திரமாக இருக்கிறார். கறுப்பு ராஜா நடு வீதியில் நிற்கிறார். வலது பக்கத்தில் அவர் போய் ஒளிந்திருக்கக்கூடிய வீட்டின் சுவர் பிய்ந்து கிடக்கிறது.

இத்தனையும் புத்தகத்தில் உள்ளதுதான். இதுவரை வந்து பார்த்தவர்கள் பலர். 14ஆவது நகர்த்தலில்தான் ஆனந்த் வேறு பக்கம் திரும்பினார். கறுப்பின் ஒற்றைச் சிப்பாய் ஒன்றை வெள்ளை ராணியும் பிஷப்பும் சேர்ந்து குறிவைத்திருந்தன. அதைக் காப்பாற்றுவதோ முன்னே தள்ளிவிடுவதோதான் பழக்கத்தில் இருந்த வழி. அவர் அதை அப்படியே விட்டுவிட்டு, தன் பிஷப்பை நீண்ட மூலைவிட்டத்தின் கோடியில் கொண்டுபோய் வைத்தார். எடுத்துக்கொள் என்றார். எடுத்த வெள்ளை பிஷப் இப்போது கறுப்பு ராஜாவை நேரே பார்க்கிறது. நடுவில் ஒரே ஒரு குதிரை மறைப்பு. கறுப்பு இதற்குப் பதிலாகத் தன் யானையை, சுவர் பிய்ந்து திறந்த வரிசையில் நிறுத்துகிறது. தன் வீடு இடிந்த இடத்தின் வழியாகவே எதிரியின் வீட்டைத் தாக்குவது. யானையும் பிஷப்பும் வெள்ளை ராஜாவின் வாசலில் உள்ள ஒரே கட்டத்தைக் குறிபார்க்கின்றன.

எண்ணிப் பார்த்தால் ஆளுக்கு 5 சிப்பாய்கள், சமம். ஆனால் சமம் என்பது எண்ணிக்கையில்தான். வெள்ளையின் 5இல் இரண்டு, இடது ஓரத்தில், எதிரே தடுக்க ஒரு சிப்பாயும் இல்லாமல் நிற்கின்றன. காய்களெல்லாம் வெட்டுப்பட்டு ஆட்டம் கடைசிக் கட்டத்துக்குப் போனால் அவை இரண்டும் பாட்டுக்கு நடந்து போய் ராணியாகிவிடும். ஆகவே கறுப்புக்கு அவகாசம் கிடையாது. சமாதானமாக நீளும் ஒவ்வொரு நகர்த்தலும் அதற்கு நஷ்டம். அந்த இடத்தில் ஆனந்த் பிஷப்பை வைத்தபோது, நிதானமாகத் தோற்பதற்கான உரிமையை விட்டுக்கொடுத்தார் என்று எனக்குத் தோன்றியது. அந்த ஆட்டத்தின் கடைசியில் ஓரத்து வெள்ளைச் சிப்பாய் உண்மையிலேயே ஓடியது. 39ஆவது நகர்த்தலில் ராணியாக ஒரே ஒரு கட்டம் பாக்கி. 41இல் கிராம்னிக் கைகொடுத்துவிட்டார். ஒரு கட்டம்!

செஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் தாய்மாமன். மில்லில் ஷிப்ட் பார்த்தவர். அவருடைய பலகையில் ஒரு கறுப்பு யானை தொலைந்துபோய் அதற்குப் பதிலாக நூல் சுற்றும் மரப் பாபின் ஒன்று நின்றுகொண்டிருக்கும். பிஷப்பை அவர் மந்திரி என்பார். அவருடைய செஸ் சாஸ்திரம் முழுவதும் ஒரே வாக்கியம்: "மொதல்ல ராசாவை உள்ள வச்சுப் பூட்டு மாப்ளே, அப்புறம் ஊரைப் பாக்கலாம்." மறுநாள் காலை நான் அந்த நிலையைப் பலகையில் அடுக்கிக் காட்டினேன். மாமா வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இது ஆட்டம் இல்ல மாப்ளே. வீட்டைக் கொளுத்திட்டுக் குளிர் காயிறது" என்றார்.

"கொளுத்திட்டு ஜெயிச்சிட்டார் மாமா."

"அவரு ஜெயிச்சாரு. நீ கறுப்பு எடு, பாப்போம்."

நான் கறுப்பு எடுத்தேன். 14ஆவது நகர்த்தல் வரை எனக்குத் தெரியும். ஏன், ஆனந்த் அதற்கப்புறம் வைத்தது அத்தனையும் மனப்பாடம். மாமாவுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் கிராம்னிக் வைத்ததை வைக்கவில்லை. கிடைத்த இடத்தில் யானையை வெட்டினார், சந்தர்ப்பம் வந்ததும் ராணியைக் கொடுத்து ராணியை வாங்கினார், பிறகு அந்த இரண்டு ஓரத்துச் சிப்பாய்களையும் மில்லுக்குப் போகிறவன் மாதிரி அவசரமில்லாமல் நடத்திக்கொண்டு போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை முடிவதற்குள் 6 ஆட்டம் தோற்றேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பாபின், திறந்த வரிசையில், ஒன்றும் செய்ய முடியாமல் நின்றுகொண்டிருந்தது.

நண்பருக்கு என் முதல் பதில் இதுதான். ஒப்பித்தல் எது என்பதை நான் அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். ஒப்பித்தவன் நான். மனப்பாடத்தில் ஒரு பிசகும் இல்லை. அந்த நகர்த்தலை வைக்க நேர்ந்தவனுக்கு, அது ஏன் வைக்கப்பட்டது, எந்தெந்தப் பாதையில் அது தன்னைக் கொல்லும் என்பதெல்லாம் ரத்தத்தில் ஏறியிருக்க வேண்டும். வீட்டில் யோசிப்பது துணிச்சலின் அளவைக் குறைப்பதில்லை. எவ்வளவு ஆபத்து என்று முழுக்கத் தெரிந்துகொண்டு உள்ளே போக வைக்கிறது. தெரியாமல் குதிக்கிறவனுக்குக் கிணற்றின் ஆழம் ஒரு பொருட்டல்ல.

இரண்டாவது பதில் 20ஆம் தேதி, திங்கட்கிழமை, 5ஆவது ஆட்டத்தில் இருக்கிறது. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. வெள்ளிக்கிழமை அந்த நகர்த்தல் ஒரு ரகசியம். திங்கட்கிழமை அது ரகசியமில்லை. நடுவில் மூன்று இரவுகள். கிராம்னிக்கிடம் உதவியாளர்கள் இருந்தார்கள், கம்ப்யூட்டர்கள் இருந்தன; அவர்கள் வேறு எதை ஆராய்ந்திருக்கப் போகிறார்கள்? கறுப்போடு மறுபடி உட்கார்ந்த ஆனந்த் வேறு வழிக்குப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அதே மெரானுக்குப் போனார். கிராம்னிக்கும் கூடவே வந்தார். அதே 14ஆவது நகர்த்தல். அதே சிப்பாய், எடுத்துக்கொள். சின்ன வித்தியாசம், போன தடவை பிஷப் ஒன்றை வெளியே கொண்டுவந்த பிறகு நகர்த்திய யானையை இந்தத் தடவை உடனேயே நகர்த்தினார்.

எதிரி தெரிந்துகொண்டுவிட்ட ரகசியத்தை மறுபடியும் அவன் முன்னால் வைப்பதற்கு என்ன பெயர்? தன்னெழுச்சியா? நண்பர் சொல்லும் முதல் வீச்சு இங்கே வெள்ளிக்கிழமையோடு தீர்ந்துவிட்டது. மீதமிருந்தது அந்த நிலை உண்மையா பொய்யா என்ற கேள்வி மட்டும்தான். ஆச்சரியத்தின் பலத்தில் நின்றதா, அல்லது அதன் சொந்தக் காலில் நிற்குமா? கவிதையிலும் முதல் வாசிப்பின் அதிர்ச்சி தீர்ந்தபின் இரண்டாம் வாசிப்பில்தான் இந்தக் கேள்வி வருகிறது. நம்மில் பலர் இரண்டாம் வாசிப்புக்கு எழுதுவதே இல்லை.

அன்றைக்கு 28ஆவது நகர்த்தல் வரை வந்திருந்தது. கறுப்பு யானை வெள்ளையின் எல்லைக்குள் இறங்கியிருந்தது. நடுவில் கறுப்புச் சிப்பாய் ஒன்று அனாதையாக நின்றது. கிராம்னிக் அதைக் குதிரையால் வெட்டினார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. அந்த வருஷத்து மின்வெட்டு மதுரைக்காரர்களுக்கு ஞாபகமிருக்கும். "தம்பிகளா, யூபிஎஸ் அஞ்சு நிமிஷம்தான் தாங்கும், முடிச்சுக்கங்க" என்று கடைக்காரர் குரல் கொடுத்தார். நான் நிலையைக் கையில் எழுதிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் மாமாவும் நானும் அதை அடுக்கினோம். குதிரையை ராணி வெட்டலாம். வெட்டினால் வெள்ளை யானை அந்த ராணியைப் பிடிக்கும். கறுப்புக் குதிரை வெள்ளை ராணியைப் பிடிக்கும். எல்லாம் கொடுத்து வாங்கி முடிந்தபின் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் கூடுதல், போதாததற்கு அந்த ஓரத்துச் சிப்பாய்கள். எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் அங்கேதான் வந்து நின்றது. "முடிஞ்சது" என்றார் மாமா. அவர் குரலில் கொஞ்சம் திருப்தி இருந்தது என்று எனக்கு அப்போது பட்டது.

மறுநாள் காலை ஆங்கிலப் பத்திரிகையில் பார்த்தோம். நாங்கள் நிறுத்திய இடத்துக்கு அப்பால் இன்னும் இரண்டு நகர்த்தல்கள் இருந்தன. யானை ஒரு ஷா வைக்கிறது. பிஷப் குறுக்கே வருகிறது. பிறகு கறுப்புக் குதிரை சும்மா போய் ஒரு சிப்பாயின் வாயில் நிற்கிறது. அதை வெட்டினால் கறுப்புச் சிப்பாய் ஒன்று அந்த இடத்தில் புகுந்து ராணியாக இரண்டே கட்டம். தடுக்க வழியில்லை. 35ஆவது நகர்த்தலில் ஆட்டம் முடிந்திருந்தது. ராத்திரி முழுக்கப் பலகையை முன்னால் வைத்துக்கொண்டு நாங்கள் காணாததை, கிராம்னிக்கும் கடிகாரத்தின் முன்னால் காணாததை, ஆனந்த் கண்டிருந்தார். இது எந்த வீட்டிலும் யோசித்து வைத்ததல்ல. தயாரிப்பு எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. ஆனால் அந்தத் தயாரிப்பு இல்லாமல் அவர் அந்த இடத்துக்கு வந்தே இருக்க மாட்டார்.

ஆனந்தும் ஒரு காலத்தில் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்தான். 1995இல் நியூயார்க்கில், உலக வர்த்தக மையத்தின் 107ஆவது மாடியில், காஸ்பரோவுடன். முதல் 8 ஆட்டங்கள் டிரா. 9ஆவதில் ஆனந்த் வென்றார். 10ஆவதில் காஸ்பரோவ் ஒரு யானையை முழுதாகக் கொடுக்கும் ஒரு வழியைக் கொண்டுவந்தார். அந்த வழியின் வேர் 1978இல் பிலிப்பைன்ஸின் பாகியோவில் கார்ப்போவ் கோர்ச்னாய்க்கு எதிராக வைத்த ஒரு நகர்த்தலில் இருக்கிறது. அதே 70களின் கடைசியில், அதே பிலிப்பைன்ஸில், அப்பாவின் வேலைக்காக வந்திருந்த குடும்பத்தின் சிறுவன் ஆனந்த் டெலிவிஷன் பார்த்துச் செஸ் புதிர்களுக்கு விடை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தான். கார்ப்போவின் வழியில் யானையைக் கொடுப்பதற்கான திறவுகோல் மிகயீல் தால் சொன்ன யோசனை. தால் 1992இலேயே இறந்துபோனார். இறந்தவரின் யோசனையை மூன்று வருஷம் கழித்து உயிருள்ளவர் மேடையில் வைக்கிறார்; தோற்ற இளைஞர் 13 வருஷம் கழித்து வேறொரு நகரத்தில் அதே மாதிரி ஒன்றை வேறொருவர் முன் வைக்கிறார். இதை மரபு என்று சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. நியூயார்க் போட்டியில் ஆனந்த் தோற்றார். பானில் அக்டோபர் 29இல் 6½க்கு 4½ என்று வென்றார்.

இன்றைக்கு இந்த வழியைப் பற்றிப் பெரிதாகப் பேசுவது கொஞ்சம் அசட்டுத்தனம்தான். எங்கள் தெருவிலேயே செஸ் வகுப்பு நடக்கிறது. 2024இல் குகேஷ் 18 வயதில் சாம்பியன் ஆன பிறகு பெற்றோர்கள் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். அங்கே படிக்கும் பையன் ஒருவன் நான் 6 ஆட்டம் தோற்ற நிலையைத் தன் போனில் போட்டு, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, "கரெக்டா ஆடினா ரெண்டு பக்கமும் சமம் அங்கிள்" என்றான். சரியாக ஆடினால் என்ற அந்த இரண்டு வார்த்தைக்குள்தான் கிராம்னிக் விழுந்தார் என்று அவனிடம் சொல்லவில்லை.

என் தொழிலில் தனியாக நகர்த்தல் என்பது கிடையாது. நான் ஒரு பதிவு போட்டால் அதை ஓர் அதிகாரி பாஸ் செய்ய வேண்டும். செய்யாதவரை அது நடந்ததாகவே ஆகாது. 12 வருஷமாக இப்படி. பதவி உயர்வுப் பரீட்சையை மூன்று முறை தவிர்த்துவிட்டேன். எழுதினால் வேற்றூர் மாற்றல், மாமாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று காரணம் சொல்லிக்கொள்கிறேன். காரணம் பொய்யில்லை. முழு உண்மையுமில்லை. இன்னொருவர் பாஸ் செய்த பிறகே என் எழுத்து செல்லுபடியாகும் என்ற பழக்கம் வசதியானது. ராசாவை உள்ளே வைத்துப் பூட்டியாகிவிட்டது.

ஒரு விஷயம் பாக்கி. நம் எல்லோருக்கும் மூத்தவரான ஒரு கவிஞரைப் பற்றி 40 பக்கக் கட்டுரை ஒன்று என்னிடம் இருக்கிறது. பெயர் சொன்னால் இந்தக் கட்டுரை அந்தக் கட்டுரையாகிவிடும், சொல்லவில்லை. அவருடைய கடைசி மூன்று தொகுப்புகளும் அவருடைய முதல் தொகுப்பின் தேய்ந்த நகல்கள் என்பது என் கட்சி. கவிதை கவிதையாக எடுத்து, உருவகம் உருவகமாக ஒப்பிட்டு எழுதியிருக்கிறேன். எழுதி ஐந்து வருஷமாகிறது. இந்த ஐந்து வருஷமும் நான் செய்ததெல்லாம் அதைத் தயாரித்ததுதான். அவர் தரப்பில் யார் என்ன சொல்வார், அதற்கு நான் என்ன சொல்வேன், அதற்கு அவர்கள் என்ன சொல்வார்கள் என்று மூன்றாவது நான்காவது சுற்று வரை பதில் எழுதி வைத்திருக்கிறேன். தயாரிப்பில் குறையே கிடையாது. நடுவில் அவர் என் ஒரு சின்னக் கட்டுரையைப் பாராட்டிக் கார்டு போட்டார். என் கல்யாணத்துக்கு, எனக்குத் தெரிவிக்காமலே, விருதுநகரிலிருந்து பஸ் ஏறி வந்து, முன் வரிசையில் உட்காராமல், சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மாமாவிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. காய்களைத் தடவிப் பார்த்துத்தான் ஆடுகிறார். பாபினை மட்டும் தொடாமலே கண்டுபிடித்துவிடுவார். முழுக்கக் கேட்டுவிட்டு, "அவரு மேல தப்பு இருக்கா, இல்ல உனக்கு அப்படித் தோணுதா?" என்றார். இருக்கிறது என்றேன். "அப்ப அவருக்கும் பதில் சொல்ல ஒரு ஆட்டம் கெடைக்கணும்ல" என்றார். பிறகு வழக்கம்போல் வெள்ளையை எடுத்துக்கொண்டார்.

இந்த இதழுக்கு ஆசிரியர் என்னிடம் கேட்டது அந்த 40 பக்கத்தைத்தான். இரண்டு முறை கடிதம் எழுதினார், ஒரு முறை போன் செய்தார். போன வாரம் அதை எடுத்து, உறையில் போட்டு, விலாசமும் எழுதினேன். இன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தபால் ஆபீசுக்குக் கொண்டுபோனது வேறொரு உறை. அதில் இருந்தது இந்தக் கட்டுரை. அந்த உறை மேஜை டிராயரில் இருக்கிறது, இன்னும் ஒட்டவில்லை.